தாராவியின் வாரத்துக்கு எத்தனை நாள்?

சென்ற மாதம் மும்பை செம்பூரில் நம் தமிழர்கள் கூடிய ஒரு கூட்டம். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் உயர்ந்த பொறுப்பில் இருப்பவர் முக்கால் மணி நேரம் பேசினார். செயற்கை நுண்ணறிவு மனிதனின் பாதி வேலையை வாங்கிக்கொள்ளப் போகிறது, பயப்படாதீர்கள், மிச்சமாகும் நேரம் நமக்குத்தான். இன்னும் பத்து வருடத்தில் வாரத்துக்கு நான்கு நாள் உழைத்தால் போதும், பேரப்பிள்ளைகளுக்கு மூன்று நாள். அரசாங்கமே புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நான்கு நாள் வாரத்துக்கு வழிவிட்டாயிற்று. இதுதான் பேச்சின் சாரம். அவையில் பாதிப்பேர் வங்கியிலும் ரயில்வேயிலும் இருந்து ஓய்வுபெற்றவர்கள். பலமாகக் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. இருபது வருடமாக இதே பேச்சை வெவ்வேறு வாய்களில் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் அது ஒரே இடத்தில்தான் இடறுகிறது. அந்த இடத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பேச்சாளர் சொன்னது அவருடைய சொந்தக் கற்பனை இல்லை. 2025 நவம்பர் கடைசியில் தொழிலதிபர் நிகில் காமத்துடனான உரையாடலில் ஈலோன் மஸ்க், இருபது ஆண்டுகளுக்குள் வேலை என்பது விருப்பப்பட்டவர் செய்வதாகிவிடும் என்றார். 1930-ல் பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ், நூறு ஆண்டு கழித்து மனிதனுக்கு வாரம் பதினைந்து மணி நேர வேலை போதும் என்று எழுதினார். அந்த நூறு ஆண்டு முடிய அதிக நாள் இல்லை. இடையில் 2023-ல் இன்போசிஸ் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் கேட்டார், 2025 தொடக்கத்தில் எல் அண்டு டி தலைவர் 90 மணி நேரம் வரை போனார். அதைக் கேட்டுக் கொதித்த நடுத்தர வர்க்கம் ஆறுதல் தேடிப் போன இடம்தான் இந்த நான்கு நாள் வாரம். கொதிப்பு நியாயமானது. ஆறுதலில்தான் எனக்குச் சந்தேகம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 பேரின் வாரத்தை 40 மணியிலிருந்து 35, 36-க்குக் குறைத்துப் பார்த்தார்கள், வேலை கெடவில்லை. பிரிட்டனில் 2022-ல் 61 நிறுவனங்கள், ஏறக்குறைய 2,900 ஊழியர்கள், ஆறு மாதம், சம்பளம் குறையாத நான்கு நாள் வாரம். முடிவில் 56 நிறுவனங்கள் அதையே தொடர்ந்தன. நம் ஊரிலும் மகாராஷ்டிர அரசு ஊழியர்களுக்கு 2020 பிப்ரவரி 29 முதலும், எல்.ஐ.சி.க்கு 2021 மே முதலும் ஐந்து நாள் வாரம் வந்தது, அதனால் எந்தக் கோப்பும் அழிந்துபோகவில்லை. இயந்திரம் முதுகுவலியைக் குறைத்திருக்கிறது, விரல்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதையெல்லாம் மறுப்பவனில்லை நான்.

ஆனால் பேச்சாளர் கொண்டாடிய 'நான்கு நாள்' அந்த ஜாதி நான்கு நாள் இல்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொகுப்புகளில் வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. அதை நான்கால் வகுத்தால் நாளொன்றுக்கு 12 மணி நேரம். பிரிட்டனில் மணியைக் குறைத்தார்கள். இங்கே மணியை அடுக்கி வைக்கிறார்கள். அதற்கு முன்பே, 2025 செப்டம்பரில், மகாராஷ்டிர அமைச்சரவை தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலைநேரத்தின் உச்சத்தை 9-லிருந்து 12 ஆக்கவும், மூன்று மாத ஓவர்டைம் வரம்பை 115 மணியிலிருந்து 144 ஆக்கவும் ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21-ல் இதே பன்னிரண்டு மணி நேர மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். எழுந்த எதிர்ப்பில் மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். தூரத்துப் புறநகர்களான பத்லாப்பூரிலிருந்தோ விராரிலிருந்தோ வேலைக்கு வருகிறவருக்குப் பன்னிரண்டு மணி நேர வேலையோடு லோக்கலில் போய்வர மூன்று நான்கு மணி நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். அவர் வீட்டில் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அவர் இருக்க மாட்டார். மூன்று நாள் விடுமுறை அதற்கு ஈடாகாது. நாலு நாள் பட்டினி போட்டுவிட்டு மூன்று நாள் விருந்து வைத்தால் உடம்பு தாங்குமா?

இதுகூட என் முதன்மையான மறுப்பு இல்லை. இயந்திரம் வந்தால் நேரம் மிச்சமாகும், மிச்சமான நேரம் உழைக்கிறவனுக்கு வந்து சேரும் என்ற அடிப்படையே தவறு. இந்த ஊரின் வரலாறே அதற்குச் சாட்சி.

1884-ல் நாராயண் மேகாஜி லோகண்டே பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி ஒரு மனு கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வேண்டும். நடுப்பகலில் அரைமணி ஓய்வு வேண்டும். காலை ஆறரைக்கு வேலை தொடங்கி, சூரியன் மறையும்போது முடிய வேண்டும். அந்தக் கடைசிக் கோரிக்கையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வேலை முடியும் நேரத்துக்கு அந்தத் தொழிலாளர்கள் கடிகாரத்தை நம்பவில்லை, சூரியனை நம்பினார்கள். அதை முதலாளியால் தள்ளிவைக்க முடியாது. ஆறு ஆண்டு போராடிய பின், 1890 ஜூன் 10-ல் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. எந்த இயந்திரமும் அதை வாங்கித் தரவில்லை. பல ஆயிரம் பேர் கூடி நின்று வாங்கினார்கள்.

1905 வாக்கில் ஆலைகளுக்கு மின்விளக்கு வந்தது. புதுமை, வசதி, வெளிச்சம். கண்ணுக்கு நல்லதுதானே என்று தோன்றும். நடந்தது வேறு. சூரியன் மறைந்த பிறகும் தறி ஓட முடியும் என்றானதும் ஆலைகள் பதினான்கு, பதினைந்து மணி நேரம் ஓடத் தொடங்கின. தொழிலாளர்கள் கொதித்து வெளியே வந்தார்கள். அதன்பின் விசாரணைக் குழு, கமிஷன் என்று இழுத்து, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் நெசவாலையில் வயதுவந்த ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேர வரம்பு வந்தது. ஒரு மின்விளக்கு உழைப்பாளியின் நாளை மணிக்கணக்கில் நீட்டியது. அதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்க ஆறு ஆண்டு ஆயிற்று. 54 மணி வாரம் 48 ஆனது 1946-ல், அம்பேத்கர் தொழிலாளர் பொறுப்பில் இருந்த காலத்தின் முயற்சியில். அந்த 48-க்குக் கீழே எண்பது ஆண்டுகளாகச் சட்டம் ஒரு மணிகூட இறங்கவில்லை. இந்த எண்பது ஆண்டில் எத்தனை இயந்திரம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆலைகள் சாய்ந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. 1982 ஜனவரி 18-ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஆலைத் தொழிலாளர்கள் இரண்டரை லட்சம் பேர் வெளியேறினார்கள், வேலைநிறுத்தம் உடைந்தது, ஆலைகள் மூடின. துணி நெய்வது நிற்கவில்லை. பிவண்டியின் விசைத்தறிக் கொட்டகைகளுக்குப் போனது. எட்டு மணி நேர ஷிப்டில் நெய்த துணியை அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், மீட்டருக்கு இவ்வளவு என்ற கூலியில் நெய்தார்கள்.

என் வீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். அப்பா ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. மாட்டுங்காவின் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைப் போல, பிட்மன் சுருக்கெழுத்தும் ரெமிங்டன் தட்டச்சும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ஒரு கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழையென்றால் கார்பன் தாள்களோடு முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். ஆனால் ஐந்தரைக்கு உறையை மாட்டி மூடிவிட்டால் இயந்திரம் மறுநாள் காலைவரை உறங்கும். ஆறரைக்கு அப்பா வீட்டில், ஏழு மணிக்கு மாட்டுங்கா ஆஸ்திக சமாஜக் கோயிலில். கம்ப்யூட்டர் வந்தபோது அவரிடம் மேலதிகாரி சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "இனிமே உங்க வேலை பாதியாயிடும்." ஆனது ஆள்தான் பாதி. ஆறு ஸ்டெனோவில் மூன்று பேர் மிஞ்சினார்கள். அந்த மூன்று பேரும் ஆறு பேருக்குமான கடிதங்களை அடித்தார்கள், எட்டு மணிக்கு வீடு வந்தார்கள். திருத்துவது சுலபமாகிவிட்டதால் ஒரே கடிதத்தை ஏழு தரம் திருத்தச் சொல்லும் வழக்கமும் கூடவே வந்தது.

இப்போது தாராவிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில், எனக்குத் தெரிந்த திருநெல்வேலிக்காரர் ஒருவருடைய கார்கானா, அதாவது பட்டறை. கீழே கடை, மேலே இரும்பு ஏணி ஏறினால் மாடி. முன்பு அங்கே மரச்சட்டத்தில் துணியைக் கட்டி, சுற்றி ஐந்தாறு பேர் சம்மணமிட்டு ஜரிகை வேலை செய்வார்கள். ஏழெட்டு வருடத்துக்கு முன் கடன் வாங்கி, பன்னிரண்டு தலை உள்ள கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரம் ஒன்றை இறக்கினார். டிசைனை ஏற்றிவிட்டால் பன்னிரண்டு ஊசியும் ஒரே தாளத்தில் குத்துகின்றன. அங்கே மனிதனுக்கு மூன்று வேலை. துணியைச் சட்டத்தில் பொருத்துவது, நூற்கண்டு மாற்றுவது, எந்தத் தலையில் நூல் அறுந்து விளக்கு எரிகிறதோ அங்கே ஓடிப்போய்க் கோப்பது. கை நோகாது. உண்மைதான். ஆனால் சுவரில் பென்சிலால் எழுதியிருப்பதைப் படித்தேன். 'பகல் 9 – ராத்திரி 9. ராத்திரி 9 – காலை 9.' கீழே இரண்டிரண்டு பெயர். வாரம் ஒருமுறை பாளி, அதாவது ஷிப்ட், மாற்றும் நாளில் ஒருவருக்குப் பதினெட்டு மணி நேரம் வந்துவிடும் என்றார்கள். ராத்திரி பாளிக்காரர் பகலில் அந்த இயந்திரத்துக்கு அடியிலேயே, அந்தச் சத்தத்திலேயே தூங்குகிறார்.

ஏன் அண்ணாச்சி இப்படி என்று முதலாளியைக் கேட்டேன். அவர் கொடுமைக்காரர் இல்லை, தானும் ஏணிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறவர். "தம்பி, மெஷின் நின்னா தவணை நிக்குமா?" என்றார். அவ்வளவுதான். மனிதன் மரச்சட்டத்தில் வேலை செய்தபோது ராத்திரி சட்டம் சும்மா கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போட்ட இயந்திரம் சும்மா கிடந்தால் ஒவ்வொரு மணியும் நஷ்டம். விலை உயர்ந்த இயந்திரம் மனிதனின் நாளை நீட்டத்தான் செய்யும், சுருக்காது. மின்விளக்கு வந்தபோது ஆலையில் நடந்ததேதான் இந்த மாடியிலும் நடக்கிறது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பீஸ் ரேட், துண்டுக்கு இவ்வளவு என்ற கூலி. அதே சந்தில் சட்டை தைக்கிறவர்களிடம் போனேன். பழைய மெஷினின் இடத்தில் வேகமான புது ஜூக்கி. சென்ற வாரம் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன். பீகாரிலிருந்து வந்த பையன், நல்ல தமிழ் பேசுகிறான். கொஞ்சம் யோசித்தான். பிறகு மெஷினுக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தான். காலர் இத்தனை டஜன், கஃப் இத்தனை டஜன். மணி அதில் எங்கேயும் இல்லை. எனக்குக் கிடைத்த பதில் டஜனில் இருந்தது. மறைக்க வேண்டிய காரணம் எதுவும் அவனுக்கு இல்லை. அவன் வாழ்க்கையில் மணி நேரம் என்ற அளவே கிடையாது, வாரம் என்பதும் கணக்குப் பார்க்கிற நாள் மட்டுமே.

இந்தக் கணக்கு ஓடும் விதத்தை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். ஒருவன் ஒரு டஜன் காலருக்கு இருபது ரூபாய் வாங்கி, பத்து மணி நேரத்தில் முப்பது டஜன் தைக்கிறான் என்று வையுங்கள். அறுநூறு ரூபாய். புது மெஷின் வந்து அதே நேரத்தில் நாற்பது டஜன் ஆகிறது. முதல் மாதம் எண்ணூறு கிடைக்கும், மெஷினை வாழ்த்துவான். மூன்றாவது மாதம் ஆர்டர் கொடுக்கிற வியாபாரி, பக்கத்துச் சந்தில் பதினைந்துக்கே தைக்கிறார்கள் என்பார். ரேட் பதினைந்தாகும். நாற்பது டஜன் தைத்தாலும் அறுநூறுதான். மெஷின் மிச்சப்படுத்திய நேரம் எங்கே போனது? வியாபாரியின் விலையில் போனது, மாலில் தொங்கும் சட்டையின் தள்ளுபடியில் போனது. பையனுக்குக் கூலியும் கூடவில்லை, நேரமும் குறையவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பும் மாதம் வந்தால் ராத்திரி இன்னும் ஐந்து டஜன் தைக்கத்தான் செய்வான்.

தாராவியில் சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்கும் இதே விதிதான். விடியும் முன் தலையில் பாத்திரத்தோடு புறப்பட்டு, சயானிலும் மாட்டுங்காவிலும் இட்லி விற்கிற நம் ஊர்க்காரர்களை மும்பையில் யாருக்குத் தெரியாது? ஆட்டுக்கல்லில் அரைத்த காலத்தில் எழுந்த அதே நேரத்துக்குத்தான் இன்றைக்கும் எழுந்திருக்கிறோம் என்று அந்த வீட்டுப் பெண் ஒருவர் சொன்னார். அப்போது முந்நூறு இட்லி, இப்போது கிரைண்டர் வந்தபின் ஆயிரம். "கல்லு போச்சு, தோள்வலி போச்சு, தூக்கம் மட்டும் வரலை அண்ணே" என்றார். அரைக்கிற நேரம் மிச்சமானதை வீட்டு வாடகையும், இட்லிப் பாத்திரத்தோடு தெருவில் இறங்கிய புதியவர்களின் போட்டியும் தின்றுவிட்டன.

சட்டம் காப்பாற்றும் என்பார்கள். எந்தச் சட்டம்? பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை. புதிய தொகுப்பில் அது இருபது பேர். மின்சாரமில்லா இடத்தில் இருபது என்றிருந்தது நாற்பது ஆயிற்று. தாராவியின் மாடிகளில் இருபது பேர் நிற்க இடமே கிடையாது. இயந்திரம் வந்து ஆளைக் குறைக்கக் குறைக்க, வரம்புக்கு மேலே இருந்த கார்கானாவும் கீழே இறங்கிவிடும். எட்டுப் பேரின் வேலையை நான்கு பேர் செய்யும்படி ஒரு மெஷின் வந்தால், அந்த நான்கு பேரின் வேலைநேரத்தைக் கேட்க அந்தச் சட்டத்தில் ஆளே இல்லை. 48 மணி வாரம் என்பதே அங்கே இல்லாதபோது அதை நான்கு நாளாக வகுப்பதா, ஐந்து நாளாக வகுப்பதா என்ற விவாதம் யாருக்காக? இந்திய உழைப்பாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் வாரம் 49 மணியோ அதற்கு மேலோ உழைப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்கு சொல்கிறது. அந்தப் பாதியைப் பேசாத எந்த நான்கு நாள் வாரமும் சிலருடைய சலுகை மட்டுமே. இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று நண்பர்கள் வருத்தப்படுவார்கள். செம்பூர் அடுக்ககத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை எடுக்கிறவர் அணியும் சட்டையின் காலரும், அன்று காலை அவர் சாப்பிடும் இட்லியும், பத்து நிமிடத்தில் அவர் வாசலுக்கு வரும் பொட்டலமும் நேரத்துக்கு வரம்பில்லாத ஒருவரின் உழைப்பு. அவர் ஓய்வு நீள நீள, இவர்களின் வேலை நீளும். இதில் மென்மையாகச் சொல்ல என்ன இருக்கிறது?

படிப்படியாகக் கீழேயும் பரவும் என்று பேச்சாளர் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். நான் பார்க்கிற வரையில் பரவுவது எதிர்த்திசையில். பீஸ் ரேட் தாராவியின் பழைய வழக்கம், காலப்போக்கில் ஒழியும் என்று எண்ணியிருந்தோம். இப்போது ஆர்டருக்கு இவ்வளவு, சவாரிக்கு இவ்வளவு என்று நகரம் முழுக்க வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவைப் பழக்குவதற்கே, ஒரு படத்தில் இருப்பது என்னவென்று குறித்துக் கொடுக்கப் படத்துக்கு இத்தனை காசு என்று ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். நாளைக்குச் செம்பூரில் மாதச் சம்பளக்காரராக இருப்பவரின் மகள் மென்பொருளைத் துண்டுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும் நாள் வந்தால், அவளிடமும் ஒரு நோட்டு இருக்கும், அதிலும் மணி இருக்காது.

பெரியாரின் 'இனிவரும் உலகம்' 1944-ல் வந்தது. ஆளுக்கு ஆள் கையில் பேசும் கருவி இருக்கும் என்று அப்போதே சொன்னார் என்று நாம் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். அதே எழுத்தில் இயந்திரத்தால் மனித உழைப்பு மிகக் குறைந்துபோகும் என்பதும் இருக்கிறது. ஆனால் அவர் அதைக் காசும் தனிச்சொத்தும் இல்லாத உலகத்தில் வைத்துச் சொன்னார். இயந்திரம் யாருடையது என்ற கேள்விக்கு விடை சொல்லிவிட்டுத்தான் ஓய்வைப் பற்றிப் பேசினார். இன்றைய ஆருடக்காரர்கள் ஓய்வை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள்.

அந்தப் பெரிய உலகம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே பீஸ் ரேட்டில் உழைக்கிறவருக்கு நேரத்துக்கான உத்தரவாதக் கூலி நிர்ணயிக்க இடம் இருந்தது. 2019-ன் ஊதியத் தொகுப்பிலும் பீஸ் வேலைக்கு நேரக் கூலிக்குக் குறையாமல் தரவேண்டும் என்ற விதி இருக்கிறது, அதற்குப் பத்துப் பேர் இருபது பேர் என்ற வரம்பும் இல்லை. எட்டு மணி நேரத்தில் ஒரு சராசரித் தையல்காரர் எத்தனை டஜன் தைக்க முடியும் என்று அளந்து, அத்தனைக்கு ஒரு நாளின் குறைந்தபட்சக் கூலி வரும்படி ரேட்டைக் கட்டினால், பையனுக்கு ஒன்பதாவது மணி தேவைப்படாது. மெஷின் மாறும்போதெல்லாம் மறுபடி அளந்து, மிச்சமாகும் நேரத்தில் அவனுக்கும் பங்கு வைத்துப் பேச வேண்டும். லோகண்டேயைப் போல அந்தச் சந்துகளில் கையெழுத்து வாங்கப் போகும் ஆள் வேண்டும். தமிழும் இந்தியும் தெரிந்த, கூட்டம் நடத்தப் பழகிய எத்தனையோ ஓய்வுபெற்ற சங்கக்காரர்கள் அன்றைக்குச் செம்பூர் அவையில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் வங்கியில் கம்ப்யூட்டரை நுழையவிடுவதற்கு முன் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒப்பந்தம் போட்டவர்கள் அவர்கள். எத்தனை இயந்திரம், யார் வேலைக்கு என்ன ஆகும் என்று வரி வரியாகப் பேசி வாங்கிய 1983 ஒப்பந்தம் அவர்களில் பலருக்கு இன்னும் மனப்பாடம். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அப்படி ஒருவரைப் பிடித்து, அண்ணாச்சியின் மாடியையும் சுவரில் எழுதியிருந்ததையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். "அங்க போறதுக்கு எந்த ஸ்டேஷன் கிட்ட, சயானா, மாஹிமா?" என்று கேட்டார்.